ஓய்வூதியக் கணக்கைப் படிப்பது எப்படி?

கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் முதியோர் பென்ஷன் கூடுதல் என்பது குமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேரளத்தில் 1,600 ரூபாயாக இருந்த நல ஓய்வூதியம் 2025 நவம்பரில் 2,000 ஆனது. அப்போது இந்தப் பக்கம் 1,200. பாறசாலையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய்வருகிற அம்மாவுக்கு அந்த 800 ரூபாய் வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சு அதோடு நிற்பதில்லை. "அங்கே 62 லட்சம் பேருக்குக் கொடுக்கிறார்கள், இங்கே 30 லட்சத்துச் சொச்சம்தான்" என்று ஒருவர் சொல்வார். மக்கள்தொகையையும் சேர்த்து இன்னொருவர் கணக்குப் போடுவார். 2011 கணக்கெடுப்பில் கேரளம் 3.34 கோடி, தமிழ்நாடு 7.21 கோடி. வகுத்துப் பார்த்தால் கேரளம் நம்மைவிட நாலு மடங்குக்கு மேல் பரவலாகக் கொடுப்பதாகத் தோன்றும்.

தொகையை ஒப்பிட்டது சரி. தலைகளை ஒப்பிட்டதில்தான் கோளாறு. கேரளத்தின் 62 லட்சத்தில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் மட்டுமல்ல, தொழிலாளர் நலநிதி வாரியங்கள் வழியாகப் போகும் ஓய்வூதியமும் அடக்கம். நம்முடைய 30 லட்சத்துச் சொச்சம் வருவாய்த் துறை தரும் ஓய்வூதியங்களின் எண்ணிக்கை. இங்கே கட்டுமானத் தொழிலாளர், தையல் தொழிலாளர் போன்றோருக்கு நலவாரியம் தரும் ஓய்வூதியம் தொழிலாளர் துறையின் கணக்கில் தனியாக இருக்கிறது. தகுதி விதியும் வேறு. கேரளத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் முதியோர் ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். தமிழ்நாட்டில் ஆதரவற்ற நிலை, சொத்து என்று வேறு கோணத்தில் பார்க்கிறார்கள். கேரளத்தின் வலை பெரிது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எத்தனை மடங்கு பெரிது என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஓய்வூதியம், உதவித்தொகை பற்றி வரும் எந்த எண்ணையும் இப்படிக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் அது எதைச் சொல்கிறது என்று புரியும். இதற்குக் கணிதம் பெரிதாகத் தெரிய வேண்டாம். யாரை எண்ணினார்கள், எந்தத் தேதியில், எந்த அலுவலகம் எண்ணியது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

பென்ஷன்காரர்களில் எத்தனை வகை

குமரி மாவட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இல்லாத தெருவைக் காண்பது கடினம். 2011-இல் எழுத்தறிவு 91.75 சதவீதம் இருந்த மாவட்டம் இது. அந்தப் படிப்பு பலரையும் அரசு வேலைக்குக் கொண்டுபோனது. அவர்களின் ஓய்வூதியம் கருவூலம் வழியாக வருகிறது. அது செய்த வேலைக்கான உரிமை, நலத்திட்ட உதவி அல்ல. அந்தப் பட்டியலிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓய்வு பெற்றவர் இறந்தபின் துணைவர் பெறும் குடும்ப ஓய்வூதியத்தையும் சேர்த்தே பெரும்பாலும் மொத்தம் சொல்வார்கள். ஆகவே அந்த எண்ணை அப்படியே 'ஓய்வு பெற்ற ஊழியர்கள்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, சம்பளத்தோடு சேர்த்து நிதி கட்டிய தொழிலாளர்கள். கருங்கல், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், காலம் முழுக்க முந்திரிக்கொட்டை உடைத்த பெண்கள் இதற்கு நல்ல உதாரணம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறைந்தது பத்தாண்டு பணிக்காலம் இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம். அதில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில்தான் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இந்தக் கணக்கை வைத்திருப்பது வருங்கால வைப்புநிதி நிறுவனம், அதாவது மத்திய அரசு. ஆட்சியர் அலுவலகம் தரும் முதியோர் ஓய்வூதியக் கணக்கில் இந்த அம்மா வரமாட்டார். மாவட்டத்தில் வறிய முதியவர்கள் எத்தனை பேருக்கு ஏதோ ஒரு மாத வருமானம் இருக்கிறது என்று கேட்டால், ஓர் அலுவலகத்தின் பட்டியல் மட்டும் பதில் தராது. எந்த அலுவலகமும் எல்லாப் பட்டியலையும் ஒன்றாகப் போட்டு மாவட்ட மக்களுக்குக் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

மூன்றாவதுதான் நாம் சாதாரணமாக முதியோர் பென்ஷன் என்கிற வருவாய்த் துறை ஓய்வூதியம். தமிழ்நாட்டில் இது 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. பிறகு மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 50 வயதைக் கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கான திட்டம் 2008-இல் வந்தது. 2011-இல் 1,000 ஆன தொகை 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே ஆண்டு ஜனவரியிலேயே 1,500 ஆகிவிட்டது.

இவை தவிர, பென்ஷன் என்று பெயர் இருந்தும் இன்னும் யார் கைக்கும் மாதாமாதம் பணம் வராத ஒன்றும் இருக்கிறது. அடல் ஓய்வூதியத் திட்டம் 2015 மே மாதம் தொடங்கியது. சேரும் வயது 18 முதல் 40. ஓய்வூதியம் 60 வயதில். அப்படியானால் முதல் ஆண்டிலேயே 40 வயதில் சேர்ந்தவருக்குக்கூட 2035-இல்தான் பணம் வரத் தொடங்கும். கோடிக்கணக்கில் பேர் இதில் இருப்பதாக வங்கி விளம்பரத்தில் படிக்கும்போது, அவர்கள் பணம் கட்டுகிறவர்கள், வாங்குகிறவர்கள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரே ஆள், இரண்டு பட்டியல்

இது புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம்.

மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அதன்கீழ் 60 முதல் 79 வயது வரையான வறிய முதியவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். 80 ஆகிவிட்டால் 500. விதவைகளுக்கும் கடும் ஊனமுள்ளவர்களுக்கும் 300. தமிழக அரசு அதோடு தன் பங்கைச் சேர்த்து ஒரே தொகையாகத் தருகிறது. கல்குளம் வட்டத்து 70 வயதுத் தாத்தா ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொகை 1,200 ஆனபோது அவர் வாங்கியதில் 200 டெல்லியுடையது, 1,000 சென்னையுடையது. டெல்லியின் இணையதளத்தில் அவர் ஒரு பயனாளி. மாநிலத்தின் கொள்கை விளக்கக் குறிப்பிலும் ஒரு பயனாளி. இரண்டையும் கூட்டினால் ஒரே தாத்தா இருவராகிவிடுவார்.

அவருக்கு 80 முடிந்ததும் மத்திய பங்கு 500 ஆகிறது, மாநிலப் பங்கு குறைகிறது. கையில் வருவது அதே தொகைதான். ஆகவே மத்திய அரசின் செலவு கூடியது என்ற செய்தியைப் பார்த்து முதியவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

விதவை ஓய்வூதியத்தில் இன்னும் வேடிக்கை. மத்திய திட்டத்தில் அதற்கான வயது 40 முதல் 79. 80 ஆனதும் அந்தப் பெண்ணை முதியோர் பட்டியலுக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. அன்றைக்கு விதவைகள் கணக்கில் ஒன்று குறையும், முதியோர் கணக்கில் ஒன்று கூடும். அவர் வாழ்க்கையில் எதுவும் மாறியிருக்காது. பெண்கள் நீண்டநாள் வாழ்கிற குமரி போன்ற மாவட்டத்தில் இந்த இடமாற்றம் சின்ன விஷயம் அல்ல. 2011-இல் இங்கே 1,000 ஆண்களுக்கு 1,019 பெண்கள்.

பண்டிகைக்கு வேட்டி சேலை வாங்குகிறவர்கள், ரேஷனில் இலவச அரிசி வாங்குகிறவர்கள் என்று வரும் எண்களும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான். நலத்திட்ட உதவிகள் மொத்தம் இத்தனை லட்சம் பேருக்கு என்று மேடையில் கூட்டிச் சொல்லும்போது, அது எத்தனை உதவிகள் போயின என்ற எண். ஆட்களின் எண் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

தனிநபரா, குடும்பமா என்ற குழப்பமும் உண்டு. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு. முதியோர் பென்ஷன் வாங்கும் பெண்ணுக்கு அது கிடையாது. ஆனால் அதே வீட்டில் பென்ஷன் வாங்காத மருமகள் மனுப் போடலாம் என்று பின்னால் தளர்த்தினார்கள். ஆகவே இந்த இரண்டு பட்டியலையும் கூட்டினால் ஆள் கணக்கு சரியாகவே வரும், குடும்பக் கணக்கு வராது. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைக்கிற வீடு இரண்டு வீடாகத் தெரியும்.

மனு, உத்தரவு, பணம்

மகளிர் உரிமைத் தொகைக்கு முதல் சுற்றில் 1.63 கோடி பேர் மனுச் செய்தார்கள். ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 1.06 கோடி. கேட்டவர் எண்ணிக்கையும் பெற்றவர் எண்ணிக்கையும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

முதியோர் ஓய்வூதியத்தில் படிகள் இன்னும் அதிகம். இ-சேவை மையத்தில் மனுப் பதிவாகும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார் அல்லது தள்ளுபடி செய்வார். தகுதி இருந்தும் காத்திருக்கிறவர்கள் உண்டு. ஏனென்றால் மத்திய அரசு மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நாடு முழுவதற்கும் முதியோர் ஓய்வூதியத்தில் அது சுமார் 2.21 கோடி. அதற்கு மேல் போனால் மாநிலம் தன் சொந்தப் பணத்தில் கொடுக்க வேண்டும். ஒருவர் இறந்தால்தான் இன்னொருவருக்கு இடம் என்று ஊரில் சொல்வது வெறும் பேச்சல்ல. இதனால்தான் மத்திய கணக்கில் பயனாளிகள் எண்ணிக்கை வருடக்கணக்காக அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது. தேவை அசையாமல் நிற்பதாக அதற்குப் பொருள் இல்லை.

சரி, உத்தரவு வந்தாயிற்று. பணம் கைக்கு வந்ததா? பட்டியலில் பெயர் இருப்பவர், அந்த மாதம் வங்கிக் கணக்கில் பணம் ஏறியவர், அதைக் கையில் வாங்கியவர் என்று மூன்று எண்கள் உண்டு. அண்டி உடைத்து, அந்த எண்ணெய்ச் சூடு பட்டுத் தேய்ந்த விரல்களைக் கைரேகைக் கருவி பலநேரம் அடையாளம் காண்பதில்லை. ஊருக்கு வரும் வங்கி முகவர் நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் பாட்டி என்று அனுப்பிவிடுவார். புள்ளிவிவரத்தில் அந்தப் பாட்டி பயனாளிதான்.

பட்டியலின் மொத்தத்தையும் அதில் நடக்கும் போக்குவரத்தையும் பிரித்துப் பார்ப்பதற்கு நம் ஊர்ச் செய்தித்தாளே பழக்கம் தந்திருக்கிறது. மழைக்காலத்தில் பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் 48 அடியில் எவ்வளவு, நீர்வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை என்று மூன்றும் போடுவார்கள். நீர்மட்டம் மாறவில்லை என்றால் தண்ணீரே வரவில்லை என்று யாரும் நினைப்பதில்லை. ஓய்வூதியத்திலோ நீர்மட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு வட்டத்தில் ஏப்ரலில் 1,000 பேர் என்று சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குள் 90 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், 70 பேர் இறக்கிறார்கள், சரிபார்ப்பில் 40 பேர் நீக்கப்படுகிறார்கள். மிச்சம் 980. பயனாளிகள் குறைந்தார்கள் என்று ஒரு செய்தி எழுதலாம், 90 முதியோருக்குப் புதிதாக ஓய்வூதியம் என்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. நான் முதலில் பார்ப்பது அந்த நாற்பதை. இறந்தவர் பெயரை நீக்குவது வேறு, ஆதார் பொருந்தவில்லை என்று உயிரோடிருப்பவரை நீக்குவது வேறு. மொத்த எண்ணில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கடற்கரைக் கணக்கு

மீனவர் நிவாரணத்தில் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு தடைக்காலமும் ஒரே மாவட்டத்துக்குள் வருவது இங்கேதான். சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு, குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கணக்கு. தடைக்கால நிவாரணம் பெற்ற குடும்பங்கள் என்று மே மாதக் கடைசியில் ஓர் எண் வந்தால் அது மாவட்டம் முழுவதையும் சொல்லாது. நிவாரணத் தொகையை 5,000-இலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023-இல் அறிவித்தார்கள். செலவு ஏறியதைப் பார்த்து மீனவக் குடும்பங்கள் பெருகின என்று எண்ண வேண்டாம்.

இதே கடற்கரை இன்னொன்றையும் காட்டியது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலரின் உடல் கிடைக்கவே இல்லை. காணாமற்போனவர் இறந்ததாகக் கொள்ள ஏழாண்டு ஆக வேண்டும் என்பது பொதுச் சட்டம். இறப்புச் சான்றிதழ் இல்லாத வரை அந்த மனைவி எந்த விதவைப் பட்டியலிலும் ஏற முடியாது. ஒக்கி விஷயத்தில் தனி நடைமுறை வகுத்து நிவாரணம் கொடுத்தார்கள். ஆனால் ஒற்றை வள்ளம் கவிழ்ந்து ஒருவர் மட்டும் காணாமற்போனால், அந்த வீட்டுக்குப் பொது விதிதான்.

எதைக் கொண்டு வகுப்பது

எத்தனை பேர் என்பதைவிட, நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் பயனுள்ள கேள்வி. அதற்கு மாவட்டத்தில் முதியவர்கள் எத்தனை என்று தெரிய வேண்டும். கைவசம் இருப்பது 2011 கணக்கெடுப்பு. மாவட்ட மக்கள்தொகை 18,70,374. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் அப்போது 10.4 சதவீதம், இந்திய அளவில் 8.6. மாநிலச் சராசரியை அப்படியே இங்கே பொருத்தினாலும் ஏறத்தாழ 1.95 லட்சம் முதியவர்கள் வருவார்கள்.

ஆனால் 2011-இல் 45 வயதில் இருந்தவருக்கு 2026-இல் 60. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி. இன்றைய பயனாளிகளை 2011-இன் முதியவர்களைக் கொண்டு வகுத்தால், கிடைக்கும் சதவீதம் உண்மையைவிட அழகாக இருக்கும். கீழே உள்ள எண் பழையது, சின்னது. அவ்வளவுதான் காரணம். யாராவது இத்தனை சதவீத முதியோருக்கு ஓய்வூதியம் போய்ச் சேர்கிறது என்று சொன்னால், எந்த ஆண்டு முதியவர்கள் என்று உடனே கேட்டுவிடுங்கள்.

தொகைக்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு. மத்திய அரசின் 200 ரூபாய் 2006-இல் நிர்ணயித்தது. அன்றைக்கு 200-க்கு வாங்கிய மளிகையை இன்றைக்கு அதே பணத்தில் வாங்க முடியாது என்பதைக் கடைக்காரரே சொல்வார். எண் குறையவில்லை, மதிப்பு குறைந்துவிட்டது. வரவு செலவுத் திட்டத்தில் அது வெட்டு என்று எங்கும் பதிவாகாது.

கேட்டுப் பெறுவது

தேசிய சமூக உதவித் திட்டத்தின் இணையதளத்தில் மாவட்ட வாரியாக மத்திய பயனாளிகள் எண்ணிக்கை கிடைக்கிறது. மாநிலப் பங்குக்கு வருவாய்த் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, மானியக் கோரிக்கை விவாதத்தின்போது வெளியாகும். பொருளியல் புள்ளியியல் துறையின் மாவட்டக் கையேடும் உண்டு, ஆனால் அது சற்றுப் பழையதாகவே கைக்கு வரும்.

வட்ட அளவில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதே நேர்வழி. மாநில அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். வைப்புநிதி அலுவலகம் மத்திய அரசைச் சேர்ந்தது. அங்கே அந்த வில்லை செல்லாது, அஞ்சல் ஆணையாகவோ இணையவழியிலோ கட்ட வேண்டும். முதியோர் பென்ஷன் எத்தனை பேருக்கு என்று மொத்தையாகக் கேட்டால் மொத்தையாகவே ஓர் எண் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: விளவங்கோடு வட்டத்தில் கடந்த நிதியாண்டில் மாதவாரியாக, திட்டவாரியாக, பெறப்பட்ட மனுக்கள், உத்தரவானவை, காரணத்தோடு தள்ளுபடியானவை, நீக்கப்பட்டவர்கள் இறப்பினால் எத்தனை பிற காரணத்தால் எத்தனை, பணம் வரவு வைக்கப்பட்டவர்கள் எத்தனை, வரவு வைக்க முடியாமல் திரும்பியவை எத்தனை.